அக்காவுக்குப் பாசிட்டிவ்

என் அக்கா புகை பிடித்தவள் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நுரையீரலில் புற்றுநோய் என்று நாங்கள் வாயைத் திறந்ததும் எல்லோரும் கேட்டது அந்த ஒரு கேள்வியைத்தான். டாக்டர் கேட்டார், ஸ்கேன் எடுத்தவர் கேட்டார், ஆஸ்பத்திரி வாசலில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர்கூடக் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டால் அவர்களுக்கு நிம்மதி. தப்பு செய்தாள், அனுபவிக்கிறாள் என்று கணக்கை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அந்த நிம்மதியை அக்கா யாருக்கும் கொடுக்கவில்லை.

"ஊதற பழக்கம் உண்டாம்மா?" என்று பெரிய டாக்டர் கேட்டார்.

"உண்டு சார். ரிச்சர்ட்ஸ் டவுன் ஹாஸ்டல்ல வருஷக்கணக்கா ஊதிக்கினுதான் இருக்கேன். அடுப்பு."

அவர் சிரிக்கவில்லை. நான் சிரித்துவிட்டேன். பிறகு வெளியே வந்து அழுதேன்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடங்கள் ஆகியிருந்த சமயம் அது. நாங்கள் இருவரும் பெங்களூரில், லிங்கராஜபுரத்தில் ஒரு காம்பவுண்டில் குடியிருந்தோம். ஒரு கேட், உள்ளே வரிசையாக வீடுகள், நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். அப்பா அம்மா போன பிறகு என்னைப் படிக்கவைத்தவள் அக்காதான். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் அவளுக்குச் சமையல் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "கேட்டவன எனக்குப் புடிக்கல, எனக்குப் புடிச்சவன் கேக்கல, வேற இன்னா?" என்பாள். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். பிள்ளைகளின் பிழைகளைத் திருத்தித் திருத்தி, பெரியவர்களையும் நிறுத்தித் திருத்துகிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. அதை விடுகிற எண்ணமும் இல்லை.

இருமலுக்கு முதலில் டிபி என்றுதான் சொன்னார்கள். நம் ஊரில் நெஞ்சு எக்ஸ்ரேயில் வெள்ளையாக எது தெரிந்தாலும் முதலில் டிபிதான். மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கினாள். ஒன்றுக்குப் போனால் ஆரஞ்சு நிறத்தில் போனது, சோறு இறங்கவில்லை, இருமல் மட்டும் போன பாடில்லை. கடைசியில் நெஞ்சுக்குள் ஊசி விட்டு ஒரு துணுக்குச் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய் என்று வந்தது.

வந்த பிறகும் பெரிய டாக்டருக்குத் திருப்தி இல்லை. புகை பிடிக்காத பெண்ணுக்கு நுரையீரலில் தானாக ஆரம்பித்திருக்காது, வேறு எங்கிருந்தோ பரவி வந்திருக்கிறது என்றார். மார்பைப் பார்த்தார்கள், குடலைப் பார்த்தார்கள், கர்ப்பப்பையைப் பார்த்தார்கள். எதிலும் ஒன்றும் இல்லை. அப்படியானால் வயிற்றைத் திறந்து பார்த்துவிடலாம், ஆரம்பித்த இடம் தெரிந்தால்தான் சரியான மருந்து கொடுக்க முடியும் என்றார்.

"தொலஞ்சி போன சாவியா சார், வயித்தத் தொறந்து தேடறதுக்கு?" என்றாள் அக்கா.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நாளைக்குள் முடிவு சொல்லுங்கள் என்று எழுந்து போய்விட்டார். அவர் கெட்டவர் இல்லை. அவர் படித்ததில் என் அக்காவைப் போல ஒருத்தி இல்லை, அவ்வளவுதான். ஆனால் அதற்கு என் அக்காவின் வயிறு என்ன செய்யும்?

நான் சும்மா இருக்கவில்லை. சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தது யார் என்று விசாரித்துக்கொண்டு, அக்காவையும் இழுத்துக்கொண்டு, கீழ்த்தளத்தில் இருந்த லேபுக்குப் போனேன். அங்கே ஒரு பெண் டாக்டர் இருந்தார். நோயாளிகள் யாரும் அங்கே வந்ததே இல்லை போலிருக்கிறது. எங்களைப் பார்த்ததும் பதறி எழுந்து, நாற்காலியில் கிடந்த புத்தகங்களை அள்ளித் தரையில் வைத்தார்.

"உக்காருங்க. சொல்லுங்க, என்ன வேணுமுங்க?"

நான் ஆரம்பிப்பதற்குள் அக்கா கேட்டுவிட்டாள். "டாக்டரம்மா கோயமுத்தூரா?"

அவர் சிரித்துவிட்டார். "இங்க வந்து வெகு நாளாச்சுங்க. கன்னடம்கூட நல்லாப் பேசுவேன். இன்னுமா தெரியுது?"

"வாயத் தொறந்தா தெரியுதே."

அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் அவர் எல்லாவற்றையும் விளக்கினார். ஒவ்வொரு உறுப்பின் செல்லும் தனக்கென்று சில புரதங்களைச் செய்துகொள்கிறது. செல் கெட்டுப்போய், உருவம் மாறி, வேறு இடத்துக்கே ஓடிப்போனாலும், அந்தப் புரதத்தைச் செய்கிற வழக்கம் பெரும்பாலும் அதை விட்டுப் போவதில்லை. "நான் பெங்களூர்ல இருந்தாலும் வாயத் திறந்தா கோயமுத்தூர்னு தெரியுதில்லீங்க? அதேதானுங்க. பாக்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். பேச வச்சாத்தான் ஊர் தெரியும்." பேச வைப்பதற்கு ஒரு மருந்து உண்டாம். சதையை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டி அந்த மருந்தை விட்டால், தேடுகிற புரதம் மட்டும் அதைப் பிடித்துக்கொள்ளும். பிடித்த இடம் பழுப்பு நிறமாகும். இல்லாவிட்டால் வெறும் நீலம். நுரையீரலுக்கு ஒரு புரதம், குடலுக்கு வேறொன்று, மார்புக்கு வேறொன்று என்று வரிசையாகப் பார்ப்பார்களாம்.

"வயித்தத் திறக்கறதுக்கு முன்னாடி இதப் பாத்துரலாமுங்க. ஆனா அந்த மருந்து எங்ககிட்ட இல்ல. வேற லேபுக்கு எடுத்துட்டுப் போகோணும். நான் போன் பண்ணிச் சொல்றேன். பெரிய டாக்டர்கிட்டயும் பேசிக்கறேனுங்க."

எடுத்துக்கொண்டு போனது நாங்கள்தான். அக்காவின் சதையை மெழுகில் பதித்து வைத்திருந்தார்கள். கைக்கு அடக்கமான சின்னக் கட்டி, ஒரு பிளாஸ்டிக் கவரில். ஆட்டோவில் அதை நான் கையில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் பட்டால் உருகிவிடுமோ என்று பயம். அக்கா எட்டிப் பார்த்து, "இந்தத் துணுக்குக்கா இம்மாம் பேஜார்?" என்றாள்.

லேபிலிருந்து முடிவு வருகிற நாளில் போன் செய்யச் சொல்லியிருந்தார் கோயமுத்தூர் டாக்டர். எங்கள் தெரு மூலையில் ஒரு மளிகைக் கடை, அதன் வாசலில் ஒரு சிவப்பு காயின் பூத். காசைப் போட்டேன். அவர் எடுத்த எடுப்பிலேயே சொன்னார். "பாசிட்டிவ்ங்க. நுரையீரல் புரதம் நல்லா பிடிச்சிருக்கு. தைராய்டுலயும் இது இருக்கும், அதனால தைராய்டுக்குன்னு இருக்கறதத் தனியாப் பாத்தாங்க, அது இல்ல. குடல், மார்பு எதுவும் பிடிக்கல. இது நுரையீரல்லயே ஆரம்பிச்சதுதானுங்க. வயித்தத் திறக்கற பேச்சே வேண்டாம்."

"பாசிட்டிவ்தானே டாக்டர்? சந்தேகமே இல்லாம பாசிட்டிவ்தானே?" என்று கத்தினேன். பின்னால் பஸ்ஸும் ஸ்கூட்டரும் போகிற சத்தம், கத்தாமல் என்ன செய்வது? ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினேன். கடையில் எங்கள் காம்பவுண்டு எதிர் வீட்டம்மா பருப்பு வாங்கிக்கொண்டு நின்றாள். சந்தோஷம் தாங்கவில்லை. யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். "அக்காவுக்குப் பாசிட்டிவ்! கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் கையை உருவிக்கொண்டாள். எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

அந்த வருடங்களில் பாசிட்டிவ் என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் ஒரே ஓர் அர்த்தம்தான். எய்ட்ஸ் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். குரலைத் தாழ்த்தி, "பாசிட்டிவாம்" என்பார்கள். அந்தச் சொல்லை ஒருத்தி நடுத்தெருவில் கூவி, அதற்கு ஸ்தோத்திரமும் சொன்னால் எப்படி இருந்திருக்கும்! இதைச் சொல்லும்போதெல்லாம், நீ கொஞ்சம் யோசித்துப் பேசியிருக்கலாமே என்று என்னிடம் சொல்கிறவர்கள் உண்டு. நான் ஏன் யோசிக்க வேண்டும்? நான் சொன்னது சரியான சொல், சரியான செய்தி. கேட்ட காது அழுக்காக இருந்தால் அதற்கு நானா பொறுப்பு?

மறுநாளே குழாயடியில் தெரிந்துவிட்டது. அக்கா தண்ணீர் பிடித்துவிட்டு நகர்ந்ததும், எதிர் வீட்டம்மா பாத்திரம் தேய்க்கிற பவுடரைப் போட்டுக் குழாயைத் தேய்த்தாள். அக்கா திரும்பிப் பார்த்துவிட்டுக் குடத்தோடு உள்ளே போனாள். அந்த வாரமே ஹாஸ்டலிலிருந்து ஆள் வந்தது, "ஸ்வல்ப நாள் ரெஸ்ட் எடுத்துக்கோங்க" என்று. புது சமையற்காரி ஏற்கெனவே வந்துவிட்டாளாம். சபையில் பெண்கள் ஐக்கியத்தில் அக்காவுக்காக ஜெபித்தார்கள். வியாதி நீங்க என்று ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது பாவம் மன்னிக்கப்பட என்று மாற்றிக்கொண்டார்கள்.

நான் குழாயடியில் சண்டைக்கு நின்றேன். "அறிவிருக்கா உங்களுக்கு? இது அந்த பாசிட்டிவ் இல்ல. அவளுக்கு இருக்கறது கேன்சர்!"

"எந்த பாசிட்டிவா இருந்தா இன்னாம்மா? பாசிட்டிவ் பாசிட்டிவ்தானே?" என்றாள் எதிர் வீட்டம்மா, பொறுமையாக. "கல்யாணமே ஆவல. எங்கருந்து வந்துச்சின்னுதான் எங்களுக்குப் புரியல."

எங்கிருந்து வந்தது! பெரிய டாக்டரும் அதைத்தான் கேட்டார். அவருக்காவது கண்ணாடித் துண்டில் பழுப்பு நிறத்தில் பதில் கிடைத்தது. இவர்களுக்கு நான் எந்த மருந்தை விட்டு எந்த நிறத்தைக் காட்டுவது? அன்று ராத்திரி சோறு இறங்காமல் போனது எனக்குத்தான். அக்கா நன்றாகச் சாப்பிட்டாள். அவளுக்கு இருமல் தணிந்திருந்த நல்ல வாரம் அது.

அதற்குள் ஊசி மருந்து ஆரம்பித்திருந்தார்கள். நோயை அது நிறுத்தி வைக்கும், துடைத்துவிடாது என்று பெரிய டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். எத்தனை நாள் என்று அக்கா கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இருக்கிற நாளையாவது அவள் தலை நிமிர்ந்து கழிக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தேன். லேப் டாக்டரிடம் போய், இவளுக்கு அந்த நோய் இல்லை என்று தமிழில் ஒரு கடிதம் வாங்குவது, அதைப் பெரிசாக எழுதிக் காம்பவுண்டு கேட்டில் ஒட்டுவது, சபையிலும் ஆயரை விட்டு வாசிக்கச் சொல்வது. டாக்டரைப் பார்த்து நன்றி சொல்லப் போகலாம் என்று மட்டும் அக்காவிடம் சொல்லி அழைத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் எங்களுக்கு அந்தக் கண்ணாடித் துண்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினார். முதலில் எனக்கு என் இமை முடிதான் தெரிந்தது. பிறகு தெரிந்தது. வெளிர் நீலத்தில், கூட்டம் கூட்டமாகப் பழுப்புப் புள்ளிகள். இவ்வளவு நாளாக எங்களை அலைக்கழித்தது இதுதானா என்று ஆத்திரமாக வந்தது. அக்கா ரொம்ப நேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

"அசிங்கமா இருக்கும்னு நெனச்சேன்," என்றாள். "சேலைக்கு நல்ல பிரிண்ட்டு."

நான் கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "இப்பவே எழுதித் தர்றேங்க," என்று பேனாவை எடுத்தார். அக்கா கையை நீட்டிப் பேனாவின் மேல் வைத்தாள்.

"வேணாம் டாக்டரம்மா."

"ஏனுங்க?"

"இவகிட்ட வீட்ல சொல்லிக்கிறேன்."

வீடு வரைக்கும் அவள் பொறுக்கவில்லை. பஸ் ஸ்டாப்பிலேயே ஆரம்பித்தாள். "அதுவா இருந்தா மட்டும் கொழாயத் தேய்க்கலாமாடி?"

எனக்குப் புரியவில்லை. அதற்கென்ன இப்போ என்றேன்.

"நீ டெய்லி கொழாயடியில நின்னுக்கினு, எங்க அக்காவுக்கு அது இல்ல, அது இல்லன்னு கத்தற. நெசமாவே அது இருக்கற ஒருத்தி நாலு வீடு தள்ளி இருந்தா? அவ இதக் கேட்டுக்கினுதானே இருப்பா? அவ எந்த டாக்டர்கிட்டப் போயி லெட்டர் வாங்குவா?"

"அது அவ பாடு. எனக்கு உன் மானம்தான் முக்கியம்."

"என் மானம் லெட்டர்லயா இருக்குது? ஒட்டாத. மீறி ஒட்டினே, நானே கிழிச்சிப் போடுவேன்."

எனக்கு அவள் மேல் வந்த கோபம் எதிர் வீட்டம்மா மேல்கூட வந்ததில்லை. சாகப்போகிறவளுக்கு எதற்கு ஊரைத் திருத்துகிற வேலை? பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். இறங்கியும் பேசவில்லை. ஆனால் கடிதம் வாங்கவும் இல்லை.

கிறிஸ்துமஸ் வந்தது. இயேசுவின் கடைசிப் போஜனத்தை நினைத்துத் திராட்சரசம் குடிக்கிற திருவிருந்துக்கு எங்கள் சபையில் ஒரே பாத்திரம். பீடத்துக்கு முன்னால் இருக்கிற தடுப்பில் வரிசையாக முழங்காலில் நிற்போம், ஆயர் ஒவ்வொருவர் வாயிலும் பாத்திரத்தை வைத்து, துடைத்து, அடுத்தவருக்கு நகர்த்துவார். இதை நினைத்துத்தான் ஆயர் முன்கூட்டியே எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், சண்டை சச்சரவுக்குப் பயந்தவர். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, "ஜனங்க பேசிக்கறாங்கம்மா. உங்களுக்கு மட்டும் தனியா ஒரு சின்ன கப் வச்சிடலாம். அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க," என்றார்.

"இயேசுவானவர் அன்னிக்கி எத்தினி கப் வச்சாருங்க ஐயா?" என்று கேட்டாள் அக்கா.

ஆயர் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இதில் கொடுமை என்னவென்றால், அந்தப் பாத்திரத்துக்குப் பயப்பட வேண்டியவள் அவள்தான். ஊசி மருந்தால் உடம்பில் எதிர்ப்புச் சக்தி இறங்கியிருந்தது. கூட்டத்தில் போகக் கூடாது, அடுத்தவர் எச்சில் படக் கூடாது என்று பெரிய டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். சபையில் யாருக்காவது சாதாரணச் சளி இருந்தாலே அக்காவுக்கு ஆபத்து. நான் கெஞ்சினேன். அவள் முடி கொட்டிய தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

விடியற்கால ஆராதனை. ஆயர் அழைத்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து முதலில் எழுந்தவள் அக்கா. எப்போதும் கடைசியாகப் போகிறவள். நேராகப் போய்த் தடுப்பின் முதல் ஓரத்தில் முழங்காலிட்டாள். வரிசை அங்கேதான் ஆரம்பிக்கும். பாத்திரம் முதலில் அவள் வாய்க்கு வரும், பிறகுதான் மற்றவர்களுக்கு. அவள் கணக்குப் போட்டுத்தான் போனாள் என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. எழுந்த பெண்கள் நடுவழியில் நின்றார்கள். சிலர் திரும்பிப் போய் உட்கார்ந்தார்கள். எதிர் வீட்டம்மா பாட்டுப் புத்தகத்தில் எதையோ தேட ஆரம்பித்தாள்.

நான் எழுந்து போய் அவள் பக்கத்தில் முழங்காலிட்டேன். நீளமான தடுப்பில் நாங்கள் இருவர் மட்டும். ஆயர் பாத்திரத்தை வைத்துக்கொண்டு நிற்கிறார். அப்போது பின்னாலிருந்து செருப்பில்லாத காலடி கேட்டது. யாரோ வந்து என் அந்தப் பக்கத்தில் முழங்காலிட்டார்கள்.

ஓரக்கண்ணால் பார்த்தேன். கடைசி பெஞ்சில் தூணுக்குப் பின்னால் உட்காருகிற ஒரு பெண். ஒடிசலாக இருப்பாள், வயது சொல்ல முடியாது. யாரோடும் பேச மாட்டாள். திருவிருந்து ஆரம்பித்ததும் எழுந்து வெளியே போய்விடுவாள், எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அன்று அவள் போகவில்லை. அக்கா குடித்தாள், நான் குடித்தேன், அவள் குடித்தாள். பாத்திரத்தில் அவள் பல் படுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு இன்னும் சிலர் வந்தார்கள், எல்லோரும் வரவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அவள் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். அக்காவிடம் வந்தாள். என்னைப் பார்த்துத் தயங்கினாள்.

"பரவால்ல, தங்கச்சிதான். சொல்லு," என்றாள் அக்கா.

"எனக்கும் பாசிட்டிவ்தான்க்கா. அவரு லாரி ஓட்டினு இருந்தாரு, அவரால வந்துச்சி. அவரு போயிட்டாரு. அதுக்கப்பறம் பாத்திரத்துக்கு வரவே பயமா இருந்துச்சி. உங்களுக்கும் அதுதான்னு சொன்னாங்க. நீங்களே முன்னாடி போய் முட்டி போட்டீங்க. அதான், நானும்..."

நான் வாயைத் திறந்தேன். திருத்திப் பழகிய வாய். இல்லைம்மா, அவளுக்கு அது இல்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அக்கா என் முழங்கையில் நகம் பதியக் கிள்ளினாள்.

"ஆமா, எனக்கும் பாசிட்டிவ்தான்," என்றாள் அந்தப் பெண்ணிடம். பொய்யில்லை. "இனிமே வெளிய போவாத. என் பக்கத்துல வந்து முட்டி போடு. யாரு எழுந்து போறாங்கன்னு நாம ரெண்டு பேரும் பாத்துக்கலாம்."

அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் அக்கா இருந்தாள். மாதாமாதம் அந்தப் பெண் வந்து அவள் பக்கத்தில் முழங்காலிட்டாள். அக்கா உண்மையைக் கடைசிவரை அவளிடம் சொல்லவில்லை, என்னையும் சொல்லவிடவில்லை. எதிர் வீட்டம்மா குழாயைத் தேய்ப்பதையும் கடைசிவரை விடவில்லை.

அக்காவை அடக்கம் செய்த பிறகு வந்த முதல் திருவிருந்தில் அந்தப் பெண் தனியாகப் போய் முதல் ஓரத்தில் முழங்காலிட்டாள். பெண்கள் மறுபடியும் நடுவழியில் நின்றார்கள். நான் எழுந்து போய் அவளுக்கு அடுத்து முழங்காலிட்டேன். அவள் குடித்ததும் நான் குடித்தேன். எனக்கும் பாசிட்டிவ் என்று காம்பவுண்டில் பேசிக்கொண்டார்களாம். நான் யாரையும் திருத்தவில்லை.